காக்கிச் சட்டை

1991 செப்டம்பர் 12, வியாழன்

நைரோபியிலிருக்கும் என் தம்பி டிக்கெட் எடுத்துத் தருகிறான். சிங்கம் பார்க்கப் போகிறோம். அந்த நாட்டுக்குப் போகக் கட்டாயமான மஞ்சள் காய்ச்சல் ஊசிக்காக இன்று இவரும் நானும் மண்ணூரிலிருந்து மெட்ராஸ் போனோம்.

இவருடைய மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். “ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடறவருக்கு இந்த ஊசி போடக்கூடாதும்மா. உயிருக்கே ஆபத்து.”

இவரிடம் ரத்தசோகை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். “ஊசி தீந்துபோச்சாம், அடுத்த மாசம் வரச் சொன்னாரு” என்றேன்.

“அதுக்கு ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சுகினு கீற? சிங்கம் எங்க ஓடிடப் போவுது?” என்று சிரித்தார்.

பஸ்ஸிலும் அதே பேச்சு. வாயை மூடுங்கள் என்று கத்திவிடலாம் போலிருந்தது. காட்டுக்குள் பளிச்சென்று உடுத்தக்கூடாது, மண் நிறம்தான் நல்லது என்று தம்பி எழுதியிருந்தான். “நம்ம யூனிபார்ம் காக்கிதானே, அதுவே போதும். பாக்கெட்டுல கீற கம்பெனி பேர மட்டும் பிரிச்சுடு” என்றார்.

வீடு வந்ததும் இவர் தூங்கிவிட்டார். இரண்டு சட்டையிலும் நூலைப் பிரித்துவிட்டேன். இனி இதைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்கும் போக முடியாது. பேர் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல், புதுத் துணி போலவே இருக்கிறது.