மாடிக் கதவுக்கு ஒரு சங்கிலி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நாங்க ரெண்டு பேரும் நல்லபடியா இருக்கோம், அப்பாவுக்கு முதுகுவலி கொஞ்சம் தேவலை, எனக்குத்தான் படி ஏறினா முட்டி முனகுது. உன் சௌக்கியத்தை நீ போன்ல பாதிதான் சொல்றே, மீதியைக் கேக்கலாம்னு பேனாவை எடுத்தேன். போன்னா "சரிம்மா சரிம்மா"ன்னு வெச்சிடுவே, கடிதத்தை அப்படி நடுவுல வெக்க முடியாது பாரு.

உன்கூட வேலை பாக்குற பொண்ணு சும்மா ரெண்டு நாள் தங்குறேன்னு வந்து உன் ரூம்லயே நிலைச்சுட்டா, அதுக்காக வீட்டுக்காரம்மா முகத்தைத் தூக்கி வெச்சிருக்காங்க, பேசாம நானே காலி பண்ணிட்டு யார் வீட்லயாவது ஒட்டிக்கிறேன்னு சொன்னியே, அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை. அதுக்கு வரேன், அதுக்கு முன்னாடி நம்ம மாடிப் பொண்ணு சமாச்சாரத்தைக் கேளு.

மாடி ரூமுக்கு ஒரு சின்னப் பொண்ணு குடி வந்திருக்கான்னு சொன்னேனில்ல, அவ தாய் தகப்பன் இல்லாம விடுதியில வளர்ந்தவ. பதினெட்டு வயசு முடிஞ்சதும் இனி நீயே பாத்துக்கோன்னு வெளியே அனுப்பிட்டாங்க. பேக்கரியில கேக்குக்கு கிரீம் பூசுற வேலை. ஆள் அவ்வளவு சன்னம், அப்பா சிட்டுன்னுதான் கூப்பிடுவார். சாவியைக் கையில கொடுத்த அன்னிக்குப் பூட்டிப் பூட்டித் திறந்து பார்த்தா. இதுவரைக்கும் அவளுக்குன்னு ஒரு கதவு இருந்ததே இல்லையாம்.

கொஞ்ச நாள்ல தலைக்கு மேல ஒரு பட்டாளமே நடக்க ஆரம்பிச்சுது. கீழே அப்பா சோபா தைக்கிற பட்டறையில மெஷின் சத்தத்தையும் மீறிக் கேக்குது. விடியறதுக்குள்ள தண்ணித் தொட்டி காலி, படி முழுக்க சிகரெட் துண்டு. பக்கத்து வீட்டு நர்ஸ் ராத்திரி வேலைக்குப் போய்ட்டு வந்து பகல்லதான் கண்ணை மூடுறவங்க, அவங்க ஒருநாள் வந்து பொரிஞ்சு தள்ளிட்டாங்க, நீங்க கேக்கலைன்னா நான் போலீசைக் கூப்பிடுவேன்னு. அப்பாவுக்கு அவமானமாப் போச்சு. மாசக் கடைசியோட அவளைக் கிளம்பச் சொல்லிடுன்னு என்கிட்ட சொல்லிட்டு ஊசியில நூல் கோக்க ஆரம்பிச்சுட்டார். உங்க அப்பாவுக்குக் கஷ்டமான வேலைன்னா அது எப்பவும் என் வேலைதான், உனக்குத் தெரியாததா. சரி, சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்ப் பாத்துடுவோம்னு ஏறினேன்.

உள்ளே கட்டில்ல ஒருத்தன் நெடுநெடுன்னு காலை நீட்டிப் படுத்திருக்கான், தரையில மூணு பேர். சிட்டு எங்கேன்னு பாத்தா, பாத்ரூம் வாசல்ல இருக்கிற இத்துனூண்டு இடத்துல துணிமூட்டையைத் தலைக்கு வெச்சு சுருண்டு கிடக்கா. அவ ரூம்ல அவளுக்கே இடமில்லடி! கோபமா ஏறினவ நான், அவளை மெதுவாத் தட்டி எழுப்பினேன். கீழே கூட்டிட்டு வந்து டீ கொடுத்துக் கேட்டேன். எல்லாரும் கூட வளர்ந்ததுங்களாம், வெளியே வந்ததும் போக்கிடம் இல்லாம பஸ் ஸ்டாண்ட்ல படுத்துக் கிடந்துச்சுங்களாம். எப்படிம்மா போன்னு சொல்றது, அந்த வார்த்தையை நாங்க எல்லாருமே கேட்டவங்கதானேன்னா.

அப்புறம் நான்தான் சொன்னேன், உனக்குச் சொல்ல வரலைன்னா பழியைத் தூக்கி எங்க மேல போடு, வீட்டுக்காரர் பொல்லாதவர்னு சொல்லிக்கோன்னு. அப்பாதான் அந்தப் பொல்லாதவர்! சாயங்காலம் நெஞ்சை நிமித்திக்கிட்டு மாடிக்குப் போனார், "யார் இங்கே கூட்டம் போட்டது"ன்னு ஒரு அதட்டல், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துல ஒரு பொண்ணு பொலபொலன்னு அழுததும் அதட்டல் எங்கே போச்சுன்னே தெரியலை. இறங்கி வந்து அவங்க பழைய விடுதி வார்டனுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடிச்சார், அனுப்பிட்டா உங்க பொறுப்பு முடிஞ்சுதான்னு. அந்த வார்டனும் இளைஞர்களுக்குன்னு இருக்கிற ஒரு தங்குமிடத்துல சொல்லி இடம் பிடிச்சுக் கொடுத்தார். சோபா ஏத்துற நம்ம வண்டியிலயே அப்பா மூணு பேரையும் கொண்டுபோய் விட்டுட்டு வந்தார். அந்த நெட்டையன் மட்டும் வர மாட்டேன்னுட்டான். உனக்குன்னு ஒரு ரூம் கிடைச்சதும் எங்களை மறந்துட்டியான்னு சிட்டுவைக் கேட்டுட்டு, தாழ்ப்பாள் தெறிக்கிற மாதிரி கதவை உதைச்சுட்டுப் போயிட்டான்.

மறுநாள் காலையில சிட்டு பையும் சாவியுமா பட்டறை வாசல்ல நிக்கிறா. நானும் போறேன்மா, அவன் சொன்னது நிஜம்தானேங்கிறா. அப்பாதான் மெஷினை நிறுத்திட்டு, தலையை நிமித்தாமலே சொன்னார், நீயும் தெருவுக்குப் போயிட்டா அதுங்களுக்கு இருக்கிற ஒரே விலாசமும் போயிடும்மான்னு. அவ அங்கேயே உக்காந்து அழுது தீர்த்தா. அன்னிக்கே அப்பா தாழ்ப்பாளை மாத்தி, கூடவே உள்பக்கம் ஒரு சங்கிலியும் மாட்டிக் கொடுத்தார், யார் வந்தாலும் கொஞ்சமாத் திறந்து முகம் பாத்துப் பேசலாம், உள்ளே விடறதா வேண்டாமான்னு அவதான் முடிவு பண்ணணும்னு.

இப்போ லீவு நாள்ல மதியம் எல்லாம் வருதுங்க, பேக்கரியில மிஞ்சினதைத் தின்னுட்டு, சிரிச்சுட்டு, இருட்டறதுக்குள்ள கிளம்பிடுதுங்க. நர்ஸுக்கும் ஒரு துண்டு கேக் போகுது, அவங்க வாயும் அடங்கியாச்சு. நெட்டையன் ரொம்ப நாள் எட்டியே பாக்கலை. போன வாரம் வந்து கீழ்ப்படியில நின்னான். சிட்டு தானா இறங்கி வந்து அவன் பக்கத்துல உக்காந்தா. மன்னிப்பெல்லாம் அவன் கேக்கலை, வேலைக்கு எழுதிப் போட இந்த வீட்டு விலாசத்தைக் கொடுக்கலாமான்னு மட்டும் கேட்டான். கொடுத்துக்கோடான்னா.

இதை எதுக்கு இவ்வளவு நீட்டி எழுதுறேன்னு உனக்கே புரியும். உன் தோழி மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா நீ அவளுக்குப் பயந்து, வீட்டுக்காரம்மாவுக்குப் பயந்து, சொல்லாம கொள்ளாம சாவியை வெச்சுட்டுக் கிளம்பிடாதே. முதல்ல அந்த அம்மா கதவைத் தட்டி உக்காந்து பேசு, அவளுக்கு ஒரு இடம் பாக்க இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்கன்னு கேளு, வாய் விட்டுக் கேட்டா யாரும் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க. அவளுக்கு இடம் தேட நீயும் கூடப் போ. அவகிட்ட போன்னு சொல்ல நாக்கு எழலைன்னா எங்கம்மா ராட்சசின்னு சொல்லிக்கோ, எனக்கு ஒண்ணும் கொம்பு முளைச்சுடாது.

நல்லா இரு தங்கம், நோய் நொடி இல்லாம இரு. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோட வேலைக்கு ஓடாதே. இந்த வீடு எப்பவும் உன் வீடுதான், நினைச்சப்போ வா. ஆனா ஆசைப்பட்டு வா, பயந்து வராதே.

உன் பதிலுக்கு வாசலைப் பாத்துக்கிட்டிருக்கிற
அம்மா

(அப்பா தனியா எழுத மாட்டாராம், நான் எழுதினதுல பாதி அவருதுன்னு போடச் சொன்னார்.)