பதினொன்றாம் பாட்டு

அன்பு மகனுக்கு,

இறைவன் திருவருளால் நீயும் மருமகளும் குறைவின்றி வாழ வேண்டுகிறேன். இங்கும் நலம் என்று எழுதுவதே மரபு. உன் கடிதத்தைப் படித்தபின் அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை உன் நண்பர் வந்து நாயைக் கொண்டுபோவார். மறுவாரம் நான் முதியோர் குடியிருப்புக்குப் போகவேண்டும். அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. இவ்வளவையும் நாலே வரியில் முடித்துவிட்டாய். காய்கறி வாங்கிவரச் சொல்பவன்கூட இன்னும் இரண்டு வரி எழுதுவான். போதாக்குறைக்கு, "உங்களுக்கும் சிரமம்தானேப்பா, நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க" என்று என் சொல்லையே எடுத்து என்மேல் எறிந்திருக்கிறாய்.

ஆம், சொன்னேன். செருப்பைக் கடித்தான் என்றேன். பூசைப் பலகையில் ரோமம் உதிர்க்கிறான் என்றேன். பந்தை எறிந்தால் எடுத்துவந்து தராமல், என்னையே போய் எடுத்துவரச் சொல்லிக் குரைக்கிறான் என்றேன். கூட இருப்பவர்களைப் பற்றித்தானே குறை சொல்ல முடியும்? உன் அம்மாவைப் பற்றி அவள் கண்மூடும் நாள்வரை குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவளை வேறு வீட்டில் விட்டுவிடலாம் என்று நீ ஒருநாளும் யோசனை சொல்லவில்லையே!

இரண்டு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி இவனை இங்கே விட்டுப்போனவன் நீ. ஆண்டுகள் ஓடிவிட்டன. வேலியில் போன ஓணானை எடுத்து என் மடியில் விட்டாய். இப்போது மடியையே வெட்டியெடுக்க ஆள் அனுப்புகிறாய். நீ வைத்த பெயர் என் நாவுக்குப் பிடிபடவில்லை. அவன் செய்யும் அதிகாரத்துக்குத் துரை என்ற பெயரே பொருந்தியது.

துரையின் நியமம் உனக்குத் தெரியாது. மாலையில் தேவாரப் பதிகம் ஒன்றைப் பாடி முடித்த பின்னரே நான் உண்பேன். அவனும் அப்படியே. பத்துப் பாட்டுக்கும் தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருப்பான். பதினொன்றாம் பாட்டைத் தொடங்கியதும் எழுந்து நிற்பான். பாடுவோர் பெறும் பேற்றைச் சொல்லும் பாட்டு அது. அவன் பெறும் பேறு கிண்ணத்தில் இருக்கும். இதை நான் பழக்கவில்லை.

சென்ற வாரம் காதில் சீழ் வைத்து, தலையை உதறிக்கொண்டே இருந்தான். வாடகை வண்டியில் மருத்துவரம்மாவிடம் அழைத்துப்போனேன். "ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க ஐயா, அப்பதான் அசையாம இருப்பான்" என்றார். எனக்குத் தெரிந்த பேச்சு பதிகம்தான். பத்துப் பாட்டுக்கும் சிலைபோல் கிடந்தான். பழக்கதோஷத்தில் பதினொன்றின் முதற்சொல்லை எடுத்தேனோ இல்லையோ, துள்ளி எழுந்துவிட்டான். மருந்துத் தட்டு தரையில் உருண்டது. அதன்பின் பத்திலிருந்து மீண்டும் ஒன்றுக்கே திரும்பினேன். பதிகத்தை முடிக்காமல் சுற்றிச்சுற்றிப் பாடியது குற்றமானால், அதை ஆண்டவன் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். வெளியே பூனையோடு காத்திருந்த ஓர் அம்மாள் எட்டிப்பார்த்து, "தாத்தா, இன்னும் எத்தனை பாட்டு பாக்கி? என் பூனை தூங்கியே போச்சு" என்றாள்.

புறப்படும்போது மருத்துவரம்மா சொன்னார்: "வயசாயிடுச்சு. இனிமே இடத்தை மட்டும் மாத்திடாதீங்க. பழகின குரல் இல்லேன்னா சாப்பாட்டை விட்டுடும்."

நாயைத்தான் சொன்னார்.

நேற்று மாலை உன் நண்பர் துரையைப் பார்க்க வந்தார். நல்ல பிள்ளை, அதை மறுக்கவில்லை. நியமத்தை விளக்கினேன். "அதுக்கென்ன அங்கிள், ஃபோன்ல போட்டு விட்டுடலாம்" என்று அப்போதே பதிகத்தைத் தேடியெடுத்து ஒலிக்கவிட்டார்! யாரோ தேன்குரலில், வீணை குழலோடு பாடினார். பதினொன்றாம் பாட்டும் வந்தது. துரை கைப்பேசியைப் பார்த்தான்; பிறகு என்னைப் பார்த்தான்; அசையாமல் படுத்துக்கொண்டான். "பாவம், அவனுக்குப் புரியலை போல" என்றார் உன் நண்பர். யாருக்குப் புரியவில்லை? சுருதி விலகி, மூச்சு வாங்கி, நடுவில் இருமும் இந்தக் குரலுக்குக் காத்திருக்கும் செவி உலகில் வேறு எங்கே இருக்கிறது?

என்மேல் உள்ள அக்கறையால் எழுதினாய் என்பதை அறிவேன். நான் விழுந்தால் யார் பார்ப்பது என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டுத் தையற்காரர் காலையும் மாலையும் எட்டிப்பார்க்கிறார். இன்னும் ஓர் ஆளை அமர்த்து, மறுக்கமாட்டேன். ஆனால் அடைக்கலமென்று வந்த உயிரை முதுமையில் கைமாற்றிவிடுவதை அறம் என்று எந்த நூலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், இத்தனை காலம் அந்த நூலை ஓதியதற்கு வெட்கப்படுவேன்.

உன் நண்பரிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிடு. மீறி ஞாயிறு மாலை அவர் வந்தால், நான் பதிகம் பாடிக்கொண்டிருப்பேன். பாதியில் எழுப்பும் துணிவு அவருக்கு இராது. பத்திலிருந்து ஒன்றுக்குத் திரும்பும் வழி எனக்கு நன்றாகத் தெரியும். அவர் போகும்வரை பாடுவேன். அதுவரை நாங்கள் இருவரும் உண்ணாதிருப்போம். பெற்றவனைப் பட்டினி போட்ட பழி உனக்கு வேண்டாமப்பா.

எல்லாம் வல்லவன் உனக்கு நீண்ட ஆயுளும், முதுமையில் உன் குரலை அறிந்த ஓர் உயிரும் தந்தருள்க.

இப்படிக்கு,
உன் தந்தை.

பி.கு.: காதுப்புண் ஆறிவருகிறது. இதை எழுதுவதற்காகப் பத்தாம் பாட்டோடு நிறுத்தியிருக்கிறேன். காலடியில் படுத்து என் வாயையே பார்க்கிறான்.