கறையான் அரிக்காத பதினொரு பத்திரிகைகள்

என் அன்பான இஞ்சேருங்கோ,

நாற்பது வருசம் இப்படித்தான் கூப்பிட்டேன், இனி மாற்ற ஏலாது. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. வீட்டில் எல்லாம் நீங்கள் வைத்த இடத்தில் இருக்கிறது. நான்தான் மூன்று நாளாக நிலைகொள்ளாமல் திரிகிறேன். ஏன் என்று சொல்கிறேன், இடையில் எழும்பிப் போகாமல் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை குறிகட்டுவான் துறையிலிருந்து எங்கள் தீவுக்கு வருகிற படகில் ஒரு பிள்ளை வந்தாள். பெயர் யாழினி. யாழ்ப்பாணத்தில் பழைய பத்திரிகைகளைப் படம் பிடித்துப் பாதுகாக்கிற இடத்தில் வேலையாம். நீங்கள்தான் போன வருசம் கடிதம் போட்டு வரச் சொன்னீர்களாம். எனக்கு ஒரு வார்த்தை சொன்னீர்களா? கேற்றடியில் யாரோ பையும் கமராவுமாக நிற்கிறதைக் கண்டதும் நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அறுபத்தாறு வயதில் இந்தக் கூத்து. முன்பின் தெரியாத ஆள் வாசலில் நின்றால் எனக்கு இப்பவும் பயம், உங்களுக்குத் தெரியும்தானே.

உங்கள் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் அவளை உள்ளே விட்டேன். அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, நீங்கள் பேப்பர் சேர்த்து வைத்த தகர றங்குப்பெட்டிக்கு முன்னால் இருந்து ஒவ்வொரு தாளாக எடுத்தாள். தென்னிலங்கையில் மாமாவின் கடைக்கு, சாமான் கட்டிக் கொடுக்கச் சரை சுற்றவென்று, ஒரு தோட்டத்துரை பங்களாவிலிருந்து கட்டுக்கட்டாக வந்த லண்டன் பேப்பர்கள் அவை. மிளகாய்த்தூள் சரையாகப் போகவிருந்ததை நீங்கள் மறித்தீர்கள். அதற்குப் பிறகு சாகும்வரை தேடித் தேடிச் சேர்த்தீர்கள். போட்டோவை அச்சடிக்கத் தெரியாத காலம், மரத்தில் படத்தை வெட்டி அச்சடித்தது என்பீர்கள். பெரிய படங்களில் நடுவே ஓடுகிற மெல்லிய வெள்ளைக் கோட்டைக் காட்டி, "இதிலதான் ரெண்டு மரத்துண்டைப் பொருத்தியிருக்கிறான், பாரும்" என்று தடவுவீர்கள். என் தலையைத் தடவியதைவிட அந்தக் கோட்டைத் தடவியதுதான் கூட. பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு அவள், ஒவ்வொரு பேப்பரின் விபரத்தையும் நீங்கள் எழுதி வைத்த கொப்பியை விரித்தாள்.

"அம்மா, பதினொரு பேப்பருக்கு நேரே கறையான் எண்டு எழுதியிருக்கு. அதில ஒண்டு ஊர்காவற்றுறைக் கடற்கோட்டைப் படம். அதைப் பற்றி ஐயா கடிதத்திலயும் எழுதினவர். நாங்கள் வேற எங்கயும் அந்தப் படத்தைக் காணேல்லை. அரிச்ச மிச்சமாவது இருக்கோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப கறையானால அழிஞ்சது எண்டு பட்டியலில போட்டுவிடுறன்."

நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன்.

கறையான் அரிக்கவில்லை. நான்தான் எரித்தேன்.

சண்டைக் காலம். நீங்கள் மருந்து வாங்க யாழ்ப்பாணம் போய், படகு ஓடாமல் நாலு நாள் அங்கேயே நின்றுவிட்டீர்கள். நாளைக்கு வீடு வீடாகச் சோதனை என்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் சொன்னார். சந்தேகப்படும்படி எது அகப்பட்டாலும் ஆளைக் கொண்டு போவார்கள் என்ற பயம். அன்று பகல் ஊரில் எல்லா அடுப்பும் எரிந்தது. கடிதம், போட்டோ, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரைந்த இலங்கைப் படம் எல்லாவற்றையும் சனம் அடுப்புக்குள் வைத்தது. நானும் உங்கள் பெட்டியைத் திறந்தேன். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, படத்தைத்தான் பார்த்தேன். துவக்கு, பீரங்கி, சிப்பாய், போர்க்கப்பல், கோட்டை எது இருந்தாலும் ஒரு பக்கம் வைத்தேன். தாறா வேட்டைக்குத் துவக்கு தூக்கிய வெள்ளைக்காரனைக்கூட விடவில்லை.

நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய துவக்கைத் தேடி யார் வரப்போகிறான் என்று இப்போது சிரிக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. மடியில் பிள்ளை, வீட்டில் ஆம்பிளை இல்லை. பழந்துணியில் செய்த நல்ல தாள், லேசில் பற்றவில்லை. கடற்கோட்டைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அதில் ஒரு பீரங்கி இருந்தது. அதையும் வைத்து, அந்த நெருப்பிலேயே பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சினேன். அடுத்த நாள் சோதனைக்கு வந்தவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

நீங்கள் வந்ததும் கறையான் என்றேன். தகரப் பெட்டிக்குள் ஏறி, துவக்குள்ள படமாகப் பார்த்துப் பார்த்து அரித்த கறையான்! நீங்கள் பெட்டியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "கைகாலைக் கழுவிப்போட்டு வாறன், சோத்தைப் போடும்" என்றீர்கள். நம்பினீர்களா? கொப்பி முழுக்கப் பேனையால் எழுதிய மனிசன் கறையான் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் பென்சிலால் எழுதியது ஏன்? நான் என்றைக்காவது வாய் திறப்பேன் என்று பார்த்திருந்தீர்களா?

செவ்வாய்க்கிழமை பின்னேரம் யாழினியை வழியனுப்ப இறங்குதுறை வரைக்கும் போனேன். படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கிற நேரம் அவளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"கறையான் இல்லைப் பிள்ளை. நான் எரிச்சனான். பயத்தில."

அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. "அப்பிடியே எழுதுவம் அம்மா. எத்தினை வீட்டில இது நடந்திருக்கும், ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. உங்கட பேரோட போட்டால் நல்லம். வெள்ளிக்கிழமை திரும்ப வருவன், யோசிச்சுச் சொல்லுங்கோ."

அன்றிலிருந்து நித்திரை இல்லை. கனடாவிலிருந்து மகள் போனில் கத்துகிறாள். "அம்மா, உங்களுக்கு விசரே? கறையான் எண்டே இருக்கட்டும். பேரைக் குடுத்துப்போட்டு அங்க தனிய எப்பிடி இருக்கப் போறியள்?" அவள் சொல்வதும் பிழையில்லை. யாராவது பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனால் பிறகு என்ன வரும் என்று பயந்து பயந்தே வாழ்ந்த சனம் நாங்கள். என் பேர் ஒரு பட்டியலில் ஏறினால் அதை யார் பார்ப்பார்கள், எப்போது வந்து கேட்பார்கள்? காலம் மாறிவிட்டது என்கிறார்கள். என் பயத்துக்கு அது இன்னும் தெரியவில்லை, கேற்றைப் பகலிலேயே பூட்டி வைக்கிறேன்.

ஆனால் சொல்லாமல் விட்டால், என் பொய் உங்கள் எழுத்தாக நின்றுவிடும். ஒரு தாளின் திகதியைச் சரிபார்க்க மூன்று மாதம் அலைந்த மனிசன் நீங்கள். உங்கள் கொப்பியில் இருக்கிற ஒரேயொரு பொய் நான் தந்தது. எனக்காக அதையும் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பயம் போகவில்லை. போகட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் நானும் உங்களிடம் வந்துவிடுவேன். அதனால் பயத்தோடேயே சொல்கிறேன். அந்தப் பிள்ளை வந்ததும் முழுப் பேரையும் சொல்லுவேன், எழுதச் சொல்லுவேன், எழுதினதை வாசித்துக் காட்டச் சொல்லுவேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. இந்தக் கடிதத்தை வாசிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

பதினொரு பேப்பரையும் எரித்த உங்கள் மனிசி,
நயினாதீவு, தில்லையம்பலம் சிவயோகம்