மேளம் கொட்டாத மாதம்

டெச்சிமான், 6 பிப்ரவரி 1994

அன்புள்ள செர்வா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் துணிக்கடைக்கு ஆள் வேண்டும், வா என்று எழுதியிருந்தாய். ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அக்ராவுக்கு வர எந்த மாதம் நல்லது? இங்கே ஹர்மட்டான் காற்றின் தூசியில் உதடு வெடித்துக் கிடக்கிறது. கடல் பக்கத்தில் இருந்தால் தூசி வராதா? மழைக்காலத்தில் கடல் நிரம்பிவிடுமா? அம்மா கேலி செய்கிறாள்: "பள்ளிக்கூடத்துல பேர் கேட்டதுக்கே அழுதுட்டு ஓடியாந்தவ, மக்கோலா சந்தையில போய் என்னடி பண்ணப்போற?"

உன் அஃப்ரியே

அக்ரா, 2 மார்ச்

என் தங்கச்சிக்கு,

கடல் நிரம்பாது, சாக்கடைதான் நிரம்பும். ஜூனில் கடைக்குள் முழங்கால் தண்ணீர். இப்போது வந்தால் வெயிலில் கருகிவிடுவாய். ஆகஸ்டில் வா. குளிர்ந்த காற்று, மீனும் மலிவு. வாசலில் நின்று ஆட்களைக் கூவி அழைக்க வேண்டும், அதுதான் வேலை. அதற்குமேல் தாமதித்தால் வேறு பெண்ணை வைத்துக்கொள்வேன், கோபித்துக்கொள்ளாதே.

மே, ஜூனில் இங்கே ஒரு வேடிக்கை. இந்த ஊர்க்காரர்களான கா இன மக்கள் திருவிழாவுக்கு முன்னால் ஒரு மாதம் மேளம் கொட்டத் தடை போடுவார்கள். தேவாலயத்தில்கூட வெறும் கைதட்டல்தான். உனக்குப் பிடிக்கும்.

செர்வா

டெச்சிமான், 20 மார்ச்

அக்கா,

மாதம் கிடைத்துவிட்டது! மேளத்துக்கே தடை என்றால் சந்தையிலும் யாரும் கூவ மாட்டார்கள் அல்லவா? நான் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். விலையை விரலால் கேட்பார்களா? ஜூனில் வரட்டுமா?

அஃப்ரியே

அக்ரா, 11 ஏப்ரல்

அஃப்ரியே,

உன் கடிதத்தைப் பக்கத்துக் கடை டேடே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் தலைத்துணியே அவிழ்ந்துவிட்டது. "தடை மேளத்துக்குத்தாண்டி, என் வாய்க்கு இல்லன்னு எழுது!" என்கிறாள். கூவ முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு. முடியும் என்றால் ஆகஸ்டில் வா.

செர்வா

டெச்சிமான், 15 மே

அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதத்தை ஊருக்கே படித்துக் காட்டினாயே! இரண்டு நாள் உன்மேல் கோபம். அப்புறம் சோளக்காட்டுக்குப் போய், "வாங்கக்கா, புதுத்துணி!" என்று கத்திப் பார்த்தேன். முதல் நாள் எனக்கே கேட்கவில்லை. நேற்று, தூரத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "எங்கடி துணி?" என்றாள்.

ஜூனிலேயே வருகிறேன். மழையில் ஆட்கள் குறைவாக வருவார்கள். கூவிப் பழக அதுதான் நல்ல மாதம். பேருந்து நிலையத்தில் நீ என் பேரைச் சொல்லிக் கூப்பிடாதே. நான் உன்னைக் கூப்பிடுகிறேன். மேளம் இல்லாததால் கேட்டுவிடும்.

உன் அஃப்ரியே