அப்பா தண்ணீர் ஊற்றிய பதினோரு செடிகள்

சேசு மரி சூசை துணை

ஜவளகிரி, சேலம் ஜில்லா
17-3-1958

அன்பு மகன் ஜான்பீட்டருக்கு அம்மா அன்னமேரி எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நீ கல்கத்தாவில் நோய் நொடி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம், சுகமா என்று கேட்டால் இதை முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல். இந்த வீட்டில் கடிதம் எழுதுகிறவர் உன் அப்பாதான். இந்தத் தடவை பேனாவைத் தொடமாட்டேன் என்கிறார். அதனால் நான் எழுதுகிறேன், கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். உன் தங்கை ஆரோக்கியசெல்விக்கு ஏழாம் மாதம். அவளைக் காவேரிப்பட்டினம் போய் அழைத்துவர வேண்டியவர் உன் அப்பா. மலைமேல் வேலை இருக்கிறது என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டார். கடைசியில் மாப்பிள்ளையே கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, தளியில் பஸ் மாறி, வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அவர் முகம் சரியில்லை. தவக்காலமாகப் போய்விட்டது, ஒரு கோழி அடித்துப்போட்டு மனதைக் குளிரவைக்கவும் வழியில்லை. தளியிலிருந்து உனக்கு ஒரு பெண் வீட்டார் கேட்டு வந்தார்கள். பையனுக்கு என்ன உத்தியோகம் என்றார்கள். செத்த செடியைக் காகிதத்தில் ஒட்டி நம்பர் போடுகிறான் என்று நான் எந்த வாயால் சொல்வது. சர்க்கார் வேலை என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

இத்தனைக்கும் காரணம் நீ கண்டுபிடித்த அந்தச் செடி. போன ஐப்பசியில் லீவுக்கு வந்தவன் இருந்தோம் தின்றோம் என்று இருந்தாயா. நம் கொல்லைக்குப் பின்னால் இருக்கிற கல்மலையில் ஏறினாய். நாம் உப்பு வைத்துத் தின்கிற கள்ளிமுளையான் மாதிரியே, ஆனால் குட்டையாக, தடியாக, சாம்பல் பூத்தாற்போல ஒன்றைக் கொண்டுவந்தாய். அதன் பூ செத்த எலி நாற்றம் நாறியது. வீட்டுக்குள் கொண்டுவராதே என்று நான் கத்தியது உனக்கு நினைவிருக்கும். இந்த ஊரில் அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. பொங்கல் கழித்து உன் கடிதம் வந்தது. அறுபது எழுபது வருஷத்துக்கு முன் ஒரு துரை பார்த்ததோடு சரி, அப்புறம் யாரும் பார்க்கவில்லை, பூண்டோடு அழிந்துவிட்டது என்றே புத்தகத்தில் எழுதிவிட்டார்கள், ஆனி மாதம் பெரிய ஆபீசர் நேரில் வந்து பார்க்கப்போகிறார், அதுவரை அப்பா அவற்றை எண்ணிப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினாயே, எப்படி என்று ஒரு வரி எழுதினாயா? நாற்பது வருஷம் கேழ்வரகு விளைவித்தவரிடம் ஒரு செடியைப் பார்த்துக்கொள் என்றால் அவர் என்ன செய்வார் என்று உனக்குத் தெரியாதா?

அவர் எண்ணினார், பதினொன்று. பதினொன்றும் சூரைமுள்ளுப் புதருக்கு அடியில் ஒண்டிக்கொண்டு கிடந்தன. பாவம், வெயில் காணாமல் முள்ளுக்குள் மூச்சுத் திணறுகிறது, மகன் பெயர் கெட்டுவிடும் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போய் அத்தனை புதரையும் வெட்டினார். வெட்டிய முள்ளையே சுற்றி வேலியாகப் போட்டார். களைக்கொத்தால் மண்ணைக் கிளறினார், பாத்தி கட்டினார், தொழு உரம் வைத்தார். தினமும் விடிந்ததும் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தோளில் வைத்து அந்த வழுக்குப் பாறையில் ஏறினார். அவர் முட்டிவலி உனக்குத் தெரியும். எனக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனுஷன் இல்லை அவர். இருபது நாளில் செடியெல்லாம் கொழுகொழுவென்று ஆனதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை, ஊரில் போகிற வருகிறவரையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். அப்புறம் ஒவ்வொன்றாகத் தலை தொங்கியது. தொங்கினால் தாகம் என்றுதானே குடியானவன் நினைப்பான், இவரும் இரண்டு வேளை ஊற்றினார். தொட்டால் கையோடு வந்தது, அடியெல்லாம் கூழாகியிருந்தது. மாசி மாதம் முடிவதற்குள் பதினொன்றும் போய்விட்டன.

மலையடியில் ஆடு மேய்க்கிற சென்னம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க்கா, வெயிலுக்கும் ஆட்டுவாய்க்கும் பயந்துதான் அது முள்ளுக்குள்ள கெடக்குது. அந்த முள்ள வெட்டி அதுக்கே வேலி போட்டா எப்பிடிக்கா பொழைக்கும்?" என்றாள். பச்சைத் தண்ணீரே அதற்கு ஆகாது, மழைத் தண்ணீரைக்கூடப் பாறைச் சரிவு தேங்கவிடாமல் வடித்துவிடும் என்றாள். படிக்காதவளுக்குத் தெரிந்தது உங்கள் ஆபீசில் ஒருவருக்கும் எழுதத் தெரியவில்லை. என்னைக் கூட்டிப்போய் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை இடுக்கைக் காட்டினாள். சூரைப் புதருக்குள் கையளவு ஒன்று இருந்தது. உன் அப்பா கண்ணுக்குத் தப்பியதால் அது பிழைத்திருக்கிறது. நான் அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் குடத்தோடு கிளம்பிவிடுவாரோ என்று பயம்.

இந்த நிலைமையில் போன வாரம், செடியைப் பற்றி விவரம் கேட்டு நீ தமிழில் எழுதி அனுப்பிய கேள்வித்தாள் வந்து சேர்ந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனார், ராத்திரி சாப்பிட வரவில்லை. மறுநாள் அவர் சட்டைப்பையில் அந்தத் தாளைப் பார்த்தேன். எத்தனை செடி என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தார். எதனால் ஆபத்து என்று கேட்டு ஆடு, காட்டுத்தீ, விறகு வெட்டுவோர், வேறு என்று எழுதியிருந்தாயே, அந்த வேறு என்பதற்கு எதிரே தன் பெயரை எழுதியிருக்கிறார். தகப்பன் பெயரோடு, ஊர்ப் பெயரோடு, பத்திரத்தில் எழுதுவது போல எழுதியிருக்கிறார். அவர் பெயரை நான் எழுதக் கூடாது, தாளை உள்ளே வைத்திருக்கிறேன், நீயே பார்.

எனக்குத் தாளவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மலைக்குக் கூட்டிப்போனேன். ஒன்று இருக்கிறது, இதோ இந்தப் புதருக்குள் என்றேன். பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் கிட்ட வரல. உசுரோட இருக்குதா, நீயே பாத்துச் சொல்லு" என்றார். இருக்கிறது என்றேன். அப்படியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். உங்கள் தாத்தா செத்தபோதும் அழாதவர். உன்மேலும் அவர்மேலும் எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, நானும் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் பூஜ்யத்தை அடித்து ஒன்று என்று எழுதினார். கீழே உள்ள உங்கள் பெயரையும் அடியுங்கள் என்றேன். அது நிஜம்தானே, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஜான்பீட்டர், இனி நான் சொல்வதைக் கேள். இதைப் படித்த அன்றைக்கே உட்கார்ந்து கடிதம் எழுது. பரவாயில்லை என்று எழுதாதே, அந்த வார்த்தை அவரைக் கொன்றுவிடும். தப்பு என்னுடையது, சரியாகச் சொல்லாமல் விட்டேன் என்று எழுது. என்னென்ன செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுது. ஆபீசர் வரும்வரை அந்த ஒன்றுக்கு அப்பாதான் பொறுப்பு என்றும் எழுது. ஆபீசர் திட்டினால் நீ வாங்கிக்கொள், அவர் காதுக்கு எட்டக் கூடாது. வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள், மாதா உன்னைக் கையில் ஏந்திக் காப்பாள்.

கவரின் மேல் அப்பா பெயரை எழுது, என் பெயரைப் போடாதே. தபால்காரர் கூப்பிட்டால் அவரே எழுந்து வந்து வாங்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
அன்னமேரி