ஏ.சி. மெக்கானிக் சேகர் எழுதுவது

தலையில்லாத போட்டோவில் முதன்முதலாக எனக்கு அறிமுகமான என் ரகுவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க முடியாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வைகாசியில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். தெருமுனைக்குக்கூட வரக்கூடாது என்று நாலு வருஷமாக என்னை மிரட்டி வைத்திருந்தாயே, அதே வீட்டுக்குத்தான். முன்வாசல் வழியாகவே போனேன். உன் அம்மா எனக்கு மோர் கொடுத்தார்கள்.

நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதால் உன் பெயரை மாற்றியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. பெயர் மாற்றும் வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். என் போனில் நீ ‘ஃப்ரேம் சப்ளையர்’. உன் போனில் நான் ‘ஏ.சி. மெக்கானிக் சேகர்’. தி. நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவனுக்கும் ஏ.சி.க்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டதற்கு, "மெக்கானிக் கூப்ட்டா எங்காத்துல யாரும் ஏன்னு கேக்கமாட்டா" என்றாய். நம்மைப் போன்றவர்களின் போன்களை ஒருநாள் திறந்து பார்த்தால் இந்த ஊரில் இத்தனை பிளம்பர்களா, இத்தனை எலக்ட்ரீஷியன்களா என்று மலைத்துப் போவார்கள்.

அந்தப் பொய்யே ஒருநாள் உன்னை மாட்டிவைத்தது, ஞாபகம் இருக்கிறதா? நீ குளித்துக்கொண்டிருந்தபோது நான் கூப்பிட, திரையில் பெயரைப் பார்த்த அம்மா, "இந்த மெக்கானிக் நம்பரை எனக்கும் குடுடா, நல்ல ஆளா அகப்படறதே கஷ்டம்" என்று கேட்டு, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் சுவரிலேயே பென்சிலால் எழுதிவிட்டார்கள். அந்த வாரம் ரயிலில் அதைச் சொல்லிச் சொல்லி நீ சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டுக்காரர் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார்.

ஆண்களை ஆண்கள் தேடும் அந்த ஆப்பில் உன்னை நான் முதலில் பார்த்தது கழுத்துக்குக் கீழே ஒரு நீலச் சட்டையாகத்தான். கூடவே நமக்கு நடுவே இருக்கும் தூரம், 1.2 கிலோமீட்டர். நான் நொச்சிக்குப்பம், நீ கோயில் குளத்துப் பக்கம். சின்ன வயதிலிருந்து ஒரே பஸ் ஸ்டாப்பில் நின்றிருப்போம். எங்கள் வீட்டில் விற்ற மீனை உங்கள் வீட்டில் வாங்க வழியில்லை, அதனால் பார்க்காமலே இருந்துவிட்டோம். ஆப்பில் எல்லோரும் ‘ஹாய்’ போட்ட கையோடு ‘இடம் இருக்கா’ என்று கேட்பார்கள். நீ மட்டும், என் போட்டோவுக்குப் பின்னால் தெரிவது கட்டுமரமா ஃபைபர் படகா என்று கேட்டாய். கணக்கு வாத்தியார் புத்தி. அதுவரை என் உடம்பைப் பற்றித்தான் எல்லோரும் விசாரித்திருக்கிறார்கள். படகைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் நீ.

இடம் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. உனக்கு அம்மா, எனக்கு அக்கா குடும்பத்தோடு ஒற்றை அறை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் திருமயிலை ஸ்டேஷன். கடைசிப் பெட்டி. வேளச்சேரி வரை போய், இறங்காமல் உட்கார்ந்திருந்து, அதே வண்டியில் திரும்பி வருவோம். உன் பையைப் பாதி உன் மடியிலும் பாதி என் மடியிலும் வைத்திருப்பாய். அதற்கு அடியில் உன் கை இருக்கும். கோட்டூர்புரத்துக்கு முன்னால் ஆறு வரும்போது மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பாய். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது யாரிடம் கேட்பது?

வெளியில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் இவ்வளவுதானா என்பார்கள். எனக்கு அது வாரம் முழுக்கத் தாங்கும்.

இனி சொல்லப்போவது நான் செய்த தப்பு. ஐப்பசியில் ஒரு ஞாயிறு நீ வரவில்லை. மூன்று வண்டிகளை விட்டேன். மெசேஜ் போட்டால் ஒற்றை டிக். கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். ஆப்பில் தேடினேன், உன் நீலச் சட்டை அங்கேயும் இல்லை. வேறு யாராவது என்றால் ஆளுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பார்கள், வீட்டுக்கு ஓடியிருப்பார்கள், ஆஸ்பத்திரியில் விசாரித்திருப்பார்கள். எனக்கு அந்தப் புத்தியே வரவில்லை ரகு. பத்து வருஷம் அந்த ஆப்பில் கிடந்தவன் நான். ஒருவன் திடீரென்று பேசாமல் போனால் அவன் நம்மை ப்ளாக் செய்துவிட்டான், அவ்வளவுதான். பெண் பார்த்துவிட்டார்கள், அல்லது நம்மைவிட இளமையாக ஒருத்தன் கிடைத்துவிட்டான். போய்க் கதவைத் தட்டக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது, கேட்டால் அசிங்கம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகக் கற்றுக்கொண்டேன், நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

பதினாறு நாள் பொறுத்தேன். பிறகு கோபம் தலைக்கேறி ஒரு மெசேஜ் போட்டேன். ‘ப்ளாக் பண்றதா இருந்தா சொல்லிட்டுப் பண்ணிருக்கலாம். நீயும் அவனுங்கள்ல ஒருத்தன்தான். எங்கயாவது போய்ச் சாவு.’ போட்டுவிட்டு உன் நம்பரை, போட்டோக்களை, எல்லாவற்றையும் அழித்தேன். அழித்ததைப் பெரிய வீரம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் நான் வாழ்ந்ததைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். மறுபடி அதே ஆப். ஹாய், வயசு என்ன, இடம் இருக்கா. நாற்பத்தொன்று என்று சொன்னதும் பேச்சு நின்றுவிடும். வடபழனி பஸ் டெப்போ எதிரில் ஒருவர் வரச் சொன்னார். சிவப்பு ஹெல்மெட் என்று அடையாளமும் சொன்னார். போய் நின்றேன். சாலைக்கு அந்தப் பக்கம் சிவப்பு ஹெல்மெட் வந்தது, என்னைப் பார்த்தது, அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனது. நான் பஸ் ஏறுவதற்குள் ப்ளாக் செய்துவிட்டிருந்தார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உன்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். என்னை இந்த நிலைக்கு விட்டுவிட்டுப் போனவன் நீதானே.

வைகாசியில் ஒரு மத்தியானம் கடையில் இருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஏ.சி. மெக்கானிக் சேகரா?"

ராங் நம்பர் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நான் ரகுவோட அம்மா பேசறேன். ஆத்துல ஏ.சி. ஒழுகறது. செத்த வந்து பாக்கறேளா?"

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், ரகு. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். சமாதானத்துக்கு நீ போடும் புதுத் தந்திரம் இது, அம்மாவை விட்டுப் பேசவைக்கிறாய் என்றுதான் நினைத்தேன். பிகு செய்துகொண்டு, "சாரையே பேசச் சொல்லுங்கம்மா" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதாப்பா? ஐப்பசியிலயே தவறிப்போய்ட்டான். ஸ்கூல்ல, பாடம் எடுத்துண்டிருக்கச்சேயே நெஞ்சு வலின்னு உக்காந்தான். ஒரு வியாழக்கிழமை."

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை. நான் திருமயிலையில் மூன்று வண்டிகளை விட்டபோது உன்னை எரித்து இரண்டு நாள் ஆகிவிட்டது. நான் அந்த மெசேஜை அனுப்பியபோது உன் பதின்மூன்றாம் நாள் காரியமே முடிந்துவிட்டது.

"எப்ப வரேள்?" என்று அம்மா கேட்டார்கள். நாளைக்கு என்றேன். வேறு என்ன சொல்ல?

எங்கள் கடைக்குக் கீழே ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாஷாவைக் கூட்டிக்கொண்டு போனேன். விஷயத்தைப் பாதிதான் சொன்னேன்.

"இன்னா மச்சி, நீ மெக்கானிக்கு, நான் உனக்கு ஹெல்பரா? இன்னா மேட்டரு?"

"கேக்காத பாஷா."

"சரி, கேக்கல. ஆனா அங்க வந்து கேஸு, கம்ப்ரஸருன்னு எதனா ஒளறி வெக்காத. வாய மூடிக்கினு ஏணியப் புடி."

கூடத்தில் உன் போட்டோ, மாலையோடு. நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கறுப்பு ஃப்ரேம் மூக்குக்கண்ணாடியைத்தான் அதில் போட்டிருக்கிறாய். இடது காது பக்கம் கொஞ்சம் தூக்கி நிற்கிறது. எத்தனை தடவை சரிசெய்ய வா என்றேன், வந்தாயா? சுவிட்ச் போர்டு பக்கத்தில் பென்சிலில் சேகர், என் நம்பர். உன் அறையில் கட்டில், அலமாரி, அடுக்கிவைத்த கணக்கு நோட்டுகள். நாலு வருஷம் நீ விவரித்து நான் மனதில் கட்டியிருந்த அறையில் ஜன்னல் வேறு பக்கம் இருந்தது.

பாஷா ஃபில்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தான். தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. "இதுல இருக்கறது அல்லாம் இந்த ரூம்ல இருந்தவங்க முடி, தோலு, துணிப் பஞ்சுதான்" என்று தொழில் பேசினான் அவன். "போய்க் கழுவிக்கினு வா."

பின்கட்டுக் குழாயடியில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழாயைத் திறக்க மனசு வரவில்லை. உன்னைத் தூக்கியபோது நான் இல்லை, எரித்தபோது இல்லை, சாம்பலைக் கரைத்தபோது இல்லை. எனக்குக் கிடைத்தது இதுதான். விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு மெதுவாகத் தண்ணீரை விட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கழுவினேன். வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. மெக்கானிக் எதற்கு அழுவான்?

திரும்பி வந்தபோது அம்மா உன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்கள்.

"அவன் போனப்பறம் யாருக்குச் சொல்றதுன்னே தெரியலப்பா. போனைத் தொறக்கத் தெரியல, அணைஞ்சு கெடக்கு. ஸ்கூல்லேர்ந்து வந்தா. அவ்ளோதான். கல்யாணம் வேண்டாம்னுட்டான். ஃப்ரெண்டுன்னு ஒருத்தன் இந்த வாசப்படி ஏறினதில்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் ட்யூஷன்னு போவான். முப்பத்தெட்டு வயசு. யாருமே இல்லாம இருந்துட்டுப் போய்ட்டானேன்னுதான் எனக்கு ஆறவே மாட்டேங்கறது."

ஃபில்டரைப் பாஷாவிடம் கொடுத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நான்தான்மா, நான் இருந்தேன்மா என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த அம்மாவுக்கு ஆறுமா, இல்லை உன்னை இரண்டாவது தடவை பறிகொடுத்ததாக ஆகுமா? நீ ஒளித்து வைத்ததை உன்னைக் கேட்காமல் நான் எப்படி எடுத்துப் போடுவேன்? ஆனால் அந்த முகத்தை அப்படியே விட்டுவிட்டு வரவும் முடியவில்லை.

"இல்லம்மா," என்றேன். "ஞாயித்துக்கெழமைல சாரை நான் ட்ரெயின்ல பாத்துக்கீறேன். நெறைய தபா. தனியா இல்ல. பக்கத்துல ஒருத்தரு இருப்பாரு. ரெண்டு பேரும் பேசிக்கினே போவாங்க."

அம்மா சட்டென்று நிமிர்ந்தார்கள். "யாரு?"

"தெரியாதும்மா."

"என்ன பண்ணிண்டிருந்தான்?"

"சிரிச்சிக்கினு இருந்தாரும்மா. ஒருவாட்டி அவரு சிரிச்ச சிரிப்புல எதுத்தாப்ல இருந்தவரு எழுந்தே போய்ட்டாரு."

"ரகுவா? அப்படிச் சிரிச்சானா?" அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனது. அப்புறம் சொன்னார்கள்.

"அந்த மனுஷனுக்கு இவன் போனது தெரியுமோ தெரியாதோ. அவரை எங்கயாவது பாத்தா சொல்லிடுங்கோப்பா. பாவம், வருவான் வருவான்னு காத்துண்டிருப்பார்."

சொல்லிவிடுகிறேன்மா என்றேன்.

வெளியே வந்து பாஷா வண்டியை எடுக்கவில்லை. "ஃபில்டர இருவது நிமிசம் கழுவுனியேடா. செத்தவரு உனக்கு யாரு மச்சி?" என்றான். இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நாலு வருஷம்டா என்று மட்டும் சொன்னேன். அவன் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் ஆப்பைத் திறந்து பழைய பேச்சுகளை எல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பாதியில் நின்றுபோனவை எத்தனை! இதில் யார் என்னை வேண்டாம் என்றவன், யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் உன்னைப் போலப் போய்ச் சேர்ந்தான்? பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எத்தனை பேரை நான் அநியாயமாகத் திட்டியிருக்கிறேன்?

ஒரே ஒரு ஆறுதல். உன் போன் அணைந்தே கிடந்ததால் நான் போட்ட அந்தக் கடைசி மெசேஜ் ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. உன்னிடம் வந்து சேரவில்லை. நீ கடைசியாக என்னிடமிருந்து படித்தது புதன்கிழமை நான் அனுப்பியது. ‘ஞாயிறு மறக்காத, காது பக்கம் சரி பண்ணித் தரேன், கண்ணாடி எடுத்துக்கினு வா.’ அதுவே இருக்கட்டும்.

இப்போது மறுபடி ஐப்பசி வரப்போகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை சர்வீஸ் செய்தால்தான் ஏ.சி. உழைக்கும் என்று அம்மாவிடம் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். "அடமழையில எவன்டா ஏ.சி. சர்வீஸ் பண்றான்?" என்று பாஷா தலையில் அடித்துக்கொள்கிறான். ஆனாலும் வருவான். உன் வருஷ காரியம் முடிந்த மறுநாள் வருகிறேன். ஃபில்டரை நானே கழுவுவேன். அம்மா கேட்பார்கள். அந்த மனுஷனைப் பார்த்தேன்மா, சொல்லிவிட்டேன்மா என்று சொல்வேன். அவர் அழுதாரா என்று கேட்டால், ரொம்ப அழுதார் என்றும் சொல்வேன். அந்த மனுஷன் யார் என்பதை, அம்மா தாங்குவார்கள் என்று தெரிகிற அன்றைக்குச் சொல்கிறேன். அதுவரைக்கும் அந்த வீட்டு ஏ.சி.யிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் பார்த்துக்கொள்வேன். இது சத்தியம்.

ஞாயிற்றுக்கிழமைகளில், உன் பக்கத்து சீட்டில் இருந்த,
உன் தேசிங்கு
(அம்மாவுக்கு இன்னமும் சேகர்)