மாடி வீட்டுக்கும் சேர்த்துப் பூசிய களிம்பு

அன்பு மகளுக்கு,

வேளைக்குச் சாப்பிட்டு நீ நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நாங்கள் சுகம். இதைப் பொய்யில்லாமல் எழுத முடிவது இப்போதுதான். உன் அம்மாவுக்கும் எனக்கும் விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று ஒரே அரிப்பு; படுத்தால் போதும், பிடுங்கித் தின்றது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே தீர்ப்பு எழுதினேன், சோப்பு மாறியது, அரிப்பு மாறவில்லை. தோல் டாக்டரம்மா பார்த்ததுமே சிரங்கு என்றார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கிறதாம், அழுக்கால் அல்ல, ஒட்டிப் பழகுவதால் வருகிறதாம். யாரோட ஒட்டிப் பழகுறீங்க என்று கேட்டார். நான் யாரோடும் பழகுவதில்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. உன் அம்மா அங்கேயே போட்டு உடைத்தாள், மாடி வீட்டுக் குழந்தை, எங்க சுண்டெலி, தினமும் மத்தியானம் இவர் வயித்து மேலதான் தூங்குது டாக்டர் என்று.

வீட்டைப் பிரித்த நாளிலிருந்து மாடியில் இருக்கும் உன் பெரியப்பாவோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் அது அவரோடுதானே, அவர் பேத்தியோடு இல்லையே. டாக்டரோ, அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் களிம்பு பூச வேண்டும், இல்லாவிட்டால் மாறி மாறித் தொற்றும், அதுவரை குழந்தையைத் தூக்கவே கூடாது என்றுவிட்டார். மற்ற எதையும் தாங்கியிருப்பேன். படியேறினேன். கதவைத் திறந்த பெரியப்பா மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே, உனக்குமாடா, நான் வேர்க்குருன்னு பவுடராக் கொட்டிக்கிட்டிருக்கேன் என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவராலும்தான்.

அவர்களும் டாக்டரைப் பார்த்தார்கள், குழந்தைக்கு அளவு கேட்டு வந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கழுத்திலிருந்து கால்வரை எல்லாரும் பூசினோம். உன் அம்மாவும் பெரியம்மாவும் போர்வைகளைக் கொதிநீரில் அலசுகிற மும்முரத்தில் இருந்ததால் என் முதுகுக்கு ஆள் இல்லை. பெரியப்பா டியூபைப் பிடுங்கிக்கொண்டு, திரும்பு, சின்ன வயசுல இருந்தே முரட்டு முதுகுடா உனக்கு என்றார். நான் மன்னித்துவிட்டதாக நினைக்காதே. பின்கட்டு அறையை அவர் எடுத்துக்கொண்டது அநியாயம்தான், அதில் மாற்றமில்லை. ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறையும் அவரே பூசினார். பூச்சி செத்தாலும் அரிப்பு சில வாரம் இருக்கும் என்று டாக்டர் சொன்னதை நம்பி, தினமும் இறங்கி வந்து முதுகு எப்படிடா இருக்கு என்று கேட்கிறார். எனக்கு முழுக்க நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் இருக்கு என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

உனக்கு எங்காவது அரித்தால் என்னைப் போல வைத்தியம் பார்க்காதே, டாக்டரிடம் போ. பெரியப்பாவுக்கு போன் செய்தால் எனக்கு அரிப்பு நின்றுவிட்டதை மட்டும் உளறிவிடாதே. குறையின்றி நீடு வாழ்க.

சுண்டெலி வயிற்றின் மேல் தூங்குவதால் கையெழுத்து கோணல்.

உன் அப்பா